சராசரிக்குள் மறைந்த சகோதரிகள்

1951ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. கருப்பருக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட பகுதியிலே, 30 வயதான ஹென்ரியெட்டா லாக்ஸ் அம்மையார் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு போராடினார். அவரது புற்றுத் திசுவில் ஒரு துண்டை மருத்துவர்கள் ஆய்வுக்கு எடுத்தனர். இசைவு கேட்டனரா? இல்லை! எடுத்ததையேனும் கூறினரா? அதுவும் இல்லை! படுக்கையைப் பிரித்து வைத்த நிறம், ஆய்வுக்கூடத்தின் வாயிலில் மட்டும் குறுக்கே நிற்கவில்லை. அம்மையார் அவ்வாண்டே மறைந்தார். அவரது உயிரணுக்கள் மறையவில்லை. 'ஹீலா' என்னும் பெயரில் உலகின் ஆய்வுக்கூடங்களில் இன்றும் அவை வளர்கின்றன.

பெண்ணினம் தலைவிதியென்று சுமந்து வந்த நோய் அது. விதியன்று, வைரஸ் என்று காட்டியது விஞ்ஞானம். ஜெர்மன் அறிஞர் ஹரால்ட் சூர் ஹாசனின் குழுவினர், மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையை 1983லும், 18ஆம் வகையை 1984லும் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தனர். அந்த 18ஆம் வகை ஹீலா உயிரணுக்களிலும் இருந்தது! 2008ல் அவ்வறிஞரை நோபல் பரிசு நாடி வந்தது. அதற்கு முன்பே, 2006ல், அவ்விரு வகைகளையும் தடுக்கும் ஊசி வந்துவிட்டது. உலகில் இந்நோய் கண்டோரில் 100க்கு ஏறத்தாழ 70 பேருக்கு அவ்விரண்டே காரணம். கணக்கிலே பிழையில்லை. ஆனால், அது யாருடைய கணக்கு?

2013ல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் உண்மையை எடுத்துரைத்தனர். அவர்கள் ஆராய்ந்த கருப்பினப் பெண்களிடம் 16, 18 ஆகிய வகைகள், வெள்ளையினப் பெண்களிடம் காணப்பட்டதில் பாதியளவே தென்பட்டன. புற்றுக்கு முந்திய தொடக்கநிலை மாறுதல்களில், கருப்பினப் பெண்களிடம் முன்னின்றவை 33, 35, 58, 68 என்னும் வகைகள். 2014ல் ஒன்பது வகைகளைத் தடுக்கும் ஊசி வந்தது. 33, 58 இடம்பெற்றன. 35, 68 இடம்பெறவில்லை.

35ஆம் வகையை எடுத்துக்கொள்வோம். உலக அளவில் இப்புற்றில் 100க்கு 2 அதனால் வருவது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலோ 100க்கு 10 வரை! உலகச் சராசரி என்னும் திரைக்குப் பின்னே அந்தப் பத்துப் பேர் மறைந்து போகின்றனர்.

இதைக் காட்டி, "கருப்பர் உடலே அப்படி" என்று பிறப்பின் மேல் பழி சுமத்துவோர் உண்டெனில், அவர்களுக்கு நாம் சொல்வோம்: கிருமியின் பரவல் இடத்துக்கிடம் வேறுபடும், அது மனிதரின் உயர்வு தாழ்வுக்குச் சான்றாகாது.

"நமக்கான ஊசியன்று, நமக்கு வேண்டாம்" என்று ஒதுக்குவோருக்கும் ஒரு சொல். ஆப்பிரிக்காவிலும் இந்நோயை விளைவிப்பதில் முதலிடம் 16, 18 வகைகளுக்கே. 2011லேயே நாடு முழுவதும் பள்ளிச் சிறுமியருக்கு ஊசியிட்டு வழிகாட்டியது ருவாண்டா. ஊசி தவறவிட்ட வகைகளுக்கும் காவல் உண்டு: இன்றைய வைரஸ் பரிசோதனைகள் 35, 68 உட்பட 14 வகைகளைக் காட்டவல்லன. ஆகவே ஊசியும் வேண்டும், சோதனையும் வேண்டும், விடுபட்ட வகைகளைச் சேர்க்கும் புதிய ஊசியும் வேண்டும்.

தோழர்களே! ஒரு கருப்பினத் தாயின் உயிரணு உலகுக்கெல்லாம் பயன்பட்டது. உலகின் ஊசி அவரது இனத்துப் பெண்களுக்கு முழுமையாகப் பயன்பட வேண்டாமா? அறிவியலை ஐயுற்று அல்ல, அறிவியலின் மீது உரிமை கொண்டு கேட்போம்: எண்ணும்போது எல்லோரையும் எண்ணுக!