இலண்டனில் இருந்த செக் தங்கம்

1939 மார்ச் 15 அன்று ஜெர்மானியப் படை பிராக் நகருள் புகுந்தது. சில நாட்களிலேயே செக்கோஸ்லோவாக்கியத் தேசிய வங்கியின் இயக்குநர்கள், மிரட்டலுக்கு ஆட்பட்டு, இலண்டனில் இருந்த தம் நாட்டுத் தங்கத்தை ஜெர்மனியின் நடுவண் வங்கிக்கு மாற்றுமாறு இரண்டு ஆணைகளில் ஒப்பமிட்டனர்.

முதல் ஆணை 23.1 டன் தங்கத்துக்கானது. அது இங்கிலாந்து வங்கியின் காப்பறையில், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலுள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கியின் பெயரில் இருந்தது. ஆணை முறையாக இருக்கிறதெனப் பாசெல் ஏற்றது, இலண்டன் நிறைவேற்றியது. கட்டிகள் இலண்டனை விட்டு அகலாமலே உடைமை கைமாறிற்று.

செக் வங்கி தன் சொந்தப் பெயரில் அங்கு வைத்திருந்த ஏறத்தாழ 27 டன்னுக்கான இரண்டாம் ஆணை நிறைவேறவில்லை. செக் கணக்குகளைப் பிரிட்டன் முடக்கியிருந்தது. ஒரே நாட்டின் தங்கம், ஒரே மிரட்டல். கணக்கின் பெயர் மட்டுமே வேறு.

1940-இல் பால்டிக் நாடுகளை இணைத்துக்கொண்ட சோவியத் ஒன்றியம் அவற்றின் தங்கத்தைக் கோரியபோது பாசெல் மறுத்தது. பிரிட்டனும் தன்னிடம் இருந்ததை முடக்கியது. ஆயினும் 1960களில் அதை விற்றுவிட்டு, 1992-இல்தான் ஈடான தங்கத்தைத் தர ஒப்புக்கொண்டது.

ஒப்பம் மெய்யானதா என்று வங்கிகள் தவறாமல் ஆராய்கின்றன. ஒப்பமிட்ட கை சுதந்திரமானதா என்பதையும் ஆராய வேண்டும் என்பதே பிராக் விட்டுச்சென்ற பாடம்.