சொல்லாத பெயர்

1951-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி பியூனஸ் அயர்ஸ் நகரை அடுத்த ஓர் ஆஸ்பத்திரியில் விசித்திரமான காரியம் ஒன்று நடந்தது. ஒரு நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். நினைவு தப்பிய பிறகுதான், நியூயார்க்கிலிருந்து இரகசியமாக வரவழைத்திருந்த ஜார்ஜ் பாக் என்னும் சர்ஜன் உள்ளே வந்தார். கருப்பையை அகற்றினார், நோயாளி கண் விழிக்குமுன் போய்விட்டார். கத்தி வைத்தவர் யார், எந்த வியாதிக்காக வைத்தார் என்பதெல்லாம் அந்த அம்மாளுக்குச் சொல்லப்படவே இல்லை.

யாரோ ஒரு திக்கற்ற ஸ்திரீ என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். அர்ஜென்டினா ஜனாதிபதி ஹுவான் பெரோனின் மனைவி எவா பெரோன்தான் அவர். தொழிலாளிகள் 'எவீட்டா' என்று செல்லமாய் அழைத்தவர். அவர் புருவம் நெரிந்தால் மந்திரிகள் நடுங்குவார்கள். தம் உடம்பைப் பற்றிய ஒரு செய்தி மட்டும் அவருக்கு எட்டவில்லை.

நோய் சொல்லாமல் வந்துவிடவில்லை. 1950 ஜனவரியில் ஒரு பொது விழாவில் எவா மயங்கி விழுந்தார். குடல்வால் என்று ஆபரேஷன் செய்தார்கள். அப்புறமும் உடம்பு இளைத்தது, அடிவயிற்றில் வலி, இரத்தப்போக்கு. வைத்தியர்களை அவரே நெருங்கவிடவில்லை என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம், ஓயாமல் உழைக்கிறவர்கள் படுக்கையைப் பகையாக நினைப்பது வழக்கந்தானே? 1951 செப்டம்பரில் சர்க்கார் வானொலி, அம்மையாருக்குச் சோகை என்று அறிவித்தது. சோகையாம்! இத்தனைக்கும் பெரோனின் முதல் மனைவி ஆரேலியாவும் 1938-ல் கருப்பைப் புற்றுநோயால்தான் இறந்திருந்தார்.

நோயாளியிடம் உண்மையைச் சொல்லாதிருப்பதே கருணை என்பது அந்நாளைய வைத்திய சம்பிரதாயம். அதைப் பார்க்க அர்ஜென்டினா வரை போக வேண்டியதில்லை; நம் கூடங்களிலேயே எத்தனையோ முறை குரல் தாழ்ந்து, பேச்சு மாறியிருக்கிறது.

அதே வருஷத் தொடக்கத்தில், அமெரிக்காவின் பால்டிமோரில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். புகையிலைக் காட்டில் வளர்ந்தவர். ஐந்து குழந்தைகளின் தாய். 'உள்ளே ஏதோ முடிச்சு மாதிரி இருக்கிறது' என்று உறவுப் பெண்களிடம் முன்பே சொல்லியிருந்தார். கர்ப்பமாயிருக்கும் என்றார்கள், கர்ப்பமும் உண்டாயிற்று. பிரசவத்துக்குப் பின் கணக்கில்லாத நாளில் இரத்தம் கண்டபோது, அவரே கர்ப்பவாயில் கட்டியைத் தடவிக் கண்டுபிடித்தார். ரேடியம் வைத்தார்கள். அக்டோபர் 4-ந் தேதி காலமானார்; வயது 31. தம் உடம்பின் பேச்சைக் கேட்டவருக்கும் காலம் கடந்துவிட்டிருந்தது.

இதில் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. கர்ப்பவாயிலிருந்து சிறிது சளியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலே, அறிகுறி தோன்றுமுன் நோயைப் பிடித்துவிடலாம் என்று பாபனிகொலாவும் டிராட்டும் 1943-லேயே புத்தகம் வெளியிட்டிருந்தார்கள். அந்தச் சோதனை ஊரெங்கும் பரவத்தான் நாளாயிற்று.

கர்ப்பவாய்ப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் ஓசைப்படாமல் இருக்கும். பிறகு, மாதவிலக்கில்லாத நாளிலோ தாம்பத்தியத்துக்குப் பின்னோ இரத்தம் படும், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படும். மாதவிலக்கு அடியோடு நின்ற பின் ஒரு துளி பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். அது கருப்பையின் எச்சரிக்கையாக இருக்கலாம். சினைப்பைப் புற்றோ மகா வேஷதாரி. வாரக்கணக்கில் வயிறு உப்பும், நாலு கவளத்திலேயே நிறைந்துவிடும். வீட்டில் அஜீர்ணம் என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை புற்றாக இருப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் பாட்டியோ அடுத்த வீட்டு மாமியோ அல்லவே!

ஹென்ரியட்டாவைக் கேளாமலே எடுத்த செல்கள் சோதனைச்சாலைகளில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. 1980-களில் ஜெர்மனியில் ஹரால்ட் ட்சுர் ஹவுசனின் குழு, இந்த நோய்க்கு வித்தாகும் பாப்பிலோமா வைரஸின் ஒரு வகையை அந்தச் செல்களிலும் கண்டது. 2006-ல் தடுப்பூசி வந்தது. 2008-ல் ட்சுர் ஹவுசனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

எவா 1952 ஜூலை 26-ந் தேதி இறந்தார், வயது 33. பெரோன் ஆட்சி 1955-ல் கவிழும் வரை, ஒவ்வோர் இரவும் 8 மணி 25 நிமிஷத்துக்கு, எவா அமரத்துவம் எய்திய நேரம் இது என்று வானொலி நினைவூட்டிக்கொண்டிருந்தது. நேரத்தைச் சொன்னார்கள், நோயின் பெயர் அதில் இல்லை.