ஸ்டேடியா: எந்தத் திரையிலும் விளையாடலாம் என்ற வாக்குறுதியின் வரலாறு

ஸ்டேடியா என்பது கூகுள் நிறுவனம் 2019 நவம்பர் 19 முதல் 2023 ஜனவரி 18 வரை நடத்திய மேகக்கணிமை விளையாட்டுச் சேவையாகும். விலை உயர்ந்த கணினியோ தனி விளையாட்டுப் பெட்டியோ வாங்காமல், ஒரு திரையும் நல்ல இணைய இணைப்பும் இருந்தாலே பெரிய நிகழ்பட விளையாட்டுகளை ஆடலாம் என்பது இதன் அடிப்படை எண்ணம். ஆனால் அந்தத் திரை எதுவாக இருக்கலாம் என்பதற்குத் தொடக்க நாளில் ஒரு குறுகிய பட்டியலே இருந்தது. அந்தப் பட்டியல் ஏன் குறுகியதாக இருந்தது, எவ்வாறு நீண்டது, நீண்ட பிறகும் சேவை ஏன் நிலைக்கவில்லை என்பதே ஸ்டேடியாவின் வரலாற்றில் முக்கியமான பகுதி.

இயங்கும் முறை

வழக்கமான நிகழ்பட விளையாட்டு, ஆடுபவரின் வீட்டிலுள்ள கருவியிலேயே இயங்கும். மேகக்கணிமை விளையாட்டு தொலைவிலுள்ள தரவு மையத்தில் இயங்குகிறது. ஆடுபவர் பொத்தானை அழுத்தியதும் அக்கட்டளை இணையம் வழியாக அங்கே செல்கிறது. அங்குள்ள வழங்கி அடுத்த காட்சியை உருவாக்கி, காணொளியாகச் சுருக்கித் திருப்பி அனுப்புகிறது. வீட்டிலுள்ள கருவி அதை விரித்துத் திரையில் காட்டுகிறது. நொடிக்கு 60 படங்கள் காட்ட வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17 மில்லி நொடி மட்டுமே.

திரைப்படம் பார்க்கும்போது அடுத்த சில நிமிடக் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். விளையாட்டில் அது இயலாது. அடுத்த காட்சி ஆடுபவரின் விரல் அசைவைப் பொறுத்தது. ஆகவே கருவி பெரிய கணக்குகளைச் செய்ய வேண்டியதில்லை என்றாலும், வரும் காணொளியைத் தாமதமின்றி விரிக்கும் வன்பொருள் அதில் இருக்க வேண்டும். பொருத்தமான உலாவி அல்லது செயலியும், கட்டுப்பாட்டுக் கருவியை இணைக்கும் வழியும் தேவை. இவற்றுடன், அக்கருவியின் இயங்குதளத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். கருவிப் பொருத்தம் தொடர்பான சிக்கல்கள் அனைத்தும் இவற்றிலிருந்தே பிறந்தன.

முன்னோடிகள்

இந்த எண்ணம் கூகுளுடன் தொடங்கியதன்று. அமெரிக்காவில் ஆன்லைவ் என்னும் நிறுவனம் 2010 ஜூன் மாதத்தில் இத்தகைய சேவையைத் தொடங்கியது. அது 2015 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. அதன் காப்புரிமைகளைச் சோனி வாங்கிக்கொண்டது. கைக்காய் என்னும் மற்றொரு நிறுவனத்தை அதற்கு முன்பே, 2012-ஆம் ஆண்டில், 38 கோடி டாலருக்குச் சோனி வாங்கியிருந்தது.

கூகுள் 2018 அக்டோபரில் ஒரு சோதனையை நடத்தியது. அசாசின்ஸ் கிரீட் ஒடிசி என்னும் பெரிய விளையாட்டை அமெரிக்காவில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் குரோம் உலாவியிலேயே ஆட முடிந்தது. இச்சோதனை 2019 ஜனவரியில் முடிந்தது.

அறிவிப்பு

2019 மார்ச் 19 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஸ்டேடியா அறிவிக்கப்பட்டது. கூகுளின் தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சை தொடங்கிவைக்க, இத்திட்டத்தின் தலைவர் பில் ஹாரிசன் விவரங்களை விளக்கினார். இவர் முன்னர்ச் சோனியிலும் மைக்ரோசாப்டிலும் பணியாற்றியவர். மேடையில் ஒரே விளையாட்டை மடிக்கணினி, கைப்பேசி, மேசைக்கணினி, தொலைக்காட்சி என ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, விட்ட இடத்திலிருந்து ஆடிக் காட்டினர். எந்தக் கருவியிலும் விளையாடலாம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்தது அன்றுதான்.

தொடக்க நாள் பட்டியல்

எட்டு மாதங்களுக்குப் பின், 2019 நவம்பர் 19 அன்று அமெரிக்கா, கனடா, பிரிட்டன் உள்ளிட்ட 14 நாடுகளில் 22 விளையாட்டுகளுடன் சேவை தொடங்கியது. இந்தியா அப்பட்டியலில் இல்லை. பிற்காலத்திலும் ஸ்டேடியா இந்தியாவுக்கு வரவில்லை. முதலில் சேர்ந்தவர்கள் 129 டாலருக்கு ஒரு தொகுப்பை வாங்கினர். அதில் கட்டுப்பாட்டுக் கருவி, தொலைக்காட்சியில் பொருத்தும் குரோம்காஸ்ட் அல்ட்ரா, மூன்று மாதச் சந்தா ஆகியவை இருந்தன.

அன்றைய வரம்புகள் பின்வருமாறு:

• கைப்பேசி: கூகுளின் சொந்தத் தயாரிப்பான பிக்சல் 2, 3, 3ஏ, 4 வரிசைகளில் மட்டுமே ஆட முடியும். பிற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஐபோனிலும் செயலியைக் கொண்டு கணக்கை நிர்வகிக்கலாம், ஆட முடியாது.
• தொலைக்காட்சி: குரோம்காஸ்ட் அல்ட்ரா வழியாக மட்டுமே. கடைகளில் முன்பே வாங்கிய அதே கருவி, மென்பொருள் புதுப்பிப்பு வரும்வரை பயன்படாது.
• கணினி: குரோம் உலாவி தேவை. 4கே தெளிவு தொலைக்காட்சியில் மட்டும் கிடைத்தது, கணினியில் இல்லை.
• கட்டுப்பாட்டுக் கருவி: தொலைக்காட்சியில் மட்டும் கம்பியின்றி இயங்கும். கணினியிலும் கைப்பேசியிலும் யு.எஸ்.பி. கம்பியால் இணைக்க வேண்டும்.
• இணைய இணைப்பு: குறைந்தது நொடிக்கு 10 மெகாபிட், 4கே தெளிவுக்கு 35 மெகாபிட். கைப்பேசியில் வைஃபை வழியாக மட்டுமே ஆடலாம். கைப்பேசித் தரவு வழியாக ஆட முடியாது.

இவற்றுள் கட்டுப்பாட்டுக் கருவியின் நிலை கவனிக்கத்தக்கது. தாமதத்தைக் குறைப்பதற்காக அது தொலைக்காட்சியுடன் பேசாமல், வைஃபை வழியாக நேரே தரவு மையத்துடன் பேசுமாறு வடிவமைக்கப்பட்டது. அதனுள் புளூடூத் சில்லு இருந்தும், தொடக்க அமைப்புக்கு மட்டுமே பயன்படுத்தப்பட்டது.

பட்டியல் நீண்ட விதம்

2020 பிப்ரவரியில் சாம்சங், அசுஸ், ரேசர் நிறுவனங்களின் 19 கைப்பேசிகள் சேர்க்கப்பட்டன. கணினி உலாவியில் 4கே தெளிவும் அவ்வாண்டின் முற்பகுதியில் வந்தது. ஏப்ரல் மாதம் சந்தா இன்றிச் சேரும் வழி திறக்கப்பட்டது. ஜூனில் ஒன்பிளஸ் கைப்பேசிகள் சேர்ந்தன. பட்டியலில் இல்லாத ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் சோதனை முறையில் ஆடும் வசதி அப்போதே கொடுக்கப்பட்டது. கணினியிலும் கைப்பேசியிலும் கம்பியில்லா இணைப்பும், கைப்பேசித் தரவில் ஆடும் சோதனை வசதியும் அவ்வாண்டின் நடுப்பகுதியில் கிடைத்தன.

தொலைக்காட்சியில் முன்னேற்றம் மெதுவாகவே நடந்தது. 2020 செப்டம்பரில் கூகுள் புதிய குரோம்காஸ்ட் ஒன்றை வெளியிட்டது. ஆனால் அதே கூகுளின் ஸ்டேடியா அதில் இயங்கவில்லை. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிகளுக்கும் இந்தக் குரோம்காஸ்டுக்கும் ஆதரவு கிடைத்தது 2021 ஜூன் மாதத்தில்தான்.

ஆப்பிளின் விதிகள்

ஐபோனில் தடை வேறு வகையானது. காணொளியை விரிக்கும் திறன் ஐபோனுக்குக் குறைவில்லை. ஆனால், ஒரே செயலிக்குள் பல விளையாட்டுகளைத் தொலைவிலிருந்து வழங்குவதை ஆப்பிளின் செயலிக்கடை விதிகள் ஏற்கவில்லை. 2020 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது. அதன்படி ஒவ்வொரு விளையாட்டையும் தனிச் செயலியாகச் சமர்ப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைத் தர முனையும் சேவைகளுக்கு இது நடைமுறைக்கு ஒவ்வாத நிபந்தனை.

ஸ்டேடியா, என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ், அமேசானின் லூனா ஆகிய மூன்றுமே இதற்கு ஒரே வழியைக் கண்டன. செயலிக்கடையைத் தவிர்த்து, ஐபோனின் சஃபாரி உலாவி வழியாகவே விளையாட்டை வழங்கின. ஸ்டேடியா 2020 டிசம்பரில் இவ்வாறு ஐபோனுக்கு வந்தது. பல விளையாட்டுகளை ஒரே செயலியில் தர ஆப்பிள் அனுமதித்தது 2024 ஜனவரியில். அப்போது ஸ்டேடியா மூடப்பட்டு ஓராண்டு கடந்திருந்தது.

முடிவு

2021 பிப்ரவரி 1 அன்று கூகுள் தன் சொந்த விளையாட்டு உருவாக்கக் கூடங்களை மூடுவதாக அறிவித்தது. 2022 செப்டம்பர் 29 அன்று, எதிர்பார்த்த அளவுக்குப் பயனர்களின் வரவேற்பு கிடைக்கவில்லை என்று கூறி, ஸ்டேடியாவையே மூடப்போவதாக அறிவித்தது. கூகுள் கடையில் வாங்கிய கருவிகளுக்கும், ஸ்டேடியாவில் வாங்கிய விளையாட்டுகளுக்கும் பணம் திருப்பித் தரப்பட்டது. மாதச் சந்தாத் தொகைக்கு இது பொருந்தவில்லை.

எஞ்சியது கட்டுப்பாட்டுக் கருவி. தரவு மையம் நின்றதும், அது கம்பியின்றி எதனுடனும் பேச முடியாத பொருளாகியிருக்கும். 2023 ஜனவரியில் கூகுள் வெளியிட்ட ஒரு மென்பொருள், அதனுள் உறங்கிக்கொண்டிருந்த புளூடூத் சில்லை எழுப்பியது. அதன்பின் அக்கருவியைப் பிற கணினிகளுடனும் கைப்பேசிகளுடனும் இணைக்க முடிந்தது. ஒரு சேவைக்கு மட்டுமே கட்டுப்பட்டிருந்த கருவி, அச்சேவை மறைந்த பிறகே பல கருவிகளுக்கும் பொதுவானது.

மதிப்பீடு

ஸ்டேடியாவின் தோல்விக்குக் கருவி வரம்பு மட்டுமே காரணம் என்று கூற முடியாது. விளையாட்டுகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. வேறு தளங்களில் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய விளையாட்டையும் இங்கே மீண்டும் வாங்க வேண்டியிருந்தது. ஆயினும், சொந்தக் கருவி வேண்டாம் என்று சொல்லி அழைத்த சேவை, குறிப்பிட்ட கருவி இருந்தால்தான் உள்ளே வரலாம் என்று வாசலில் நிறுத்தியது. ஆவல் மிகுந்திருந்த முதல் மாதங்களில் கதவு குறுகலாக இருந்தது. கதவு அகன்றபோது வெளியே காத்திருந்தவர்கள் குறைந்திருந்தனர்.

கணக்கிடும் வேலையைத் தொலைவிலுள்ள இயந்திரத்துக்கு மாற்றினாலும், கையிலுள்ள கருவியின் முக்கியத்துவம் மறைவதில்லை. அதன் வன்பொருளும், அதன் இயங்குதளத்தை ஆள்பவரின் விதியுமே வாசலைத் திறக்கின்றன அல்லது மூடுகின்றன. பின்னர் வந்த மேகக்கணிமைச் சேவைகளுக்கு ஸ்டேடியா விட்டுச்சென்ற பாடம் இதுவே.