போப்பாண்டவர் கட்டிய சதுக்கம்

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில், ஓர்ச்சா பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு மேட்டில் இருக்கிறது பியென்ஸா. அதன் நடுச் சதுக்கம் மிகச் சிறியது. பேசிக்கொண்டே நடந்தால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம்.

ஊரின் பழைய பெயர் கோர்சிஞானோ. இங்கே 1405இல் பிறந்த ஏனியா சில்வியோ பிக்கொலோமினி, 1458இல் இரண்டாம் பயஸ் என்ற பெயருடன் போப்பாண்டவரானார். மறு ஆண்டு மாந்துவாவுக்குப் போகும் வழியில் ஊருக்கு வந்தவர், தன் வயதொத்தவர்களில் பலர் இறந்துபோயிருப்பதையும் மிஞ்சியவர்கள் மூப்பில் முடங்கிக் கிடப்பதையும் கண்டார். பிறந்த மண்ணில் ஒரு பேராலயமும் அரண்மனையும் எழுப்பத் தீர்மானித்து, கட்டடக் கலைஞர் பெர்னார்தோ ரொஸ்ஸெல்லினோவிடம் வேலையை ஒப்படைத்தார். ஊர்ப் பெயரும் பயஸின் பெயரால் பியென்ஸா ஆயிற்று.

சதுக்கம் என்கிறோமே தவிர, அது சதுரம் இல்லை. தெற்கே பேராலயம், வடக்கே நகர மன்றம். பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் இரு மாளிகைகளும் பேராலயத்தை நெருங்க நெருங்க விலகிக்கொள்கின்றன. அதனால் பேராலயத்தின் இருபுறமும் இடைவெளி கிடைக்கிறது. அதன் வழியே பள்ளத்தாக்கு எட்டிப்பார்க்கிறது. மேற்கே பிக்கொலோமினி மாளிகை. அதன் பின்புறத்தில் மூன்றடுக்குத் தாழ்வாரம்; அங்கிருந்து தோட்டத்துக்கு அப்பால் அமியாத்தா மலை தெரியும். கிழக்கு மாளிகை, பின்னாளில் ஆறாம் அலெக்சாந்தர் என்று போப்பாண்டவரான ரொத்ரிகோ போர்ஜியாவுடையது.

‘வீட்டைக் கட்டிப் பார்’ என்பது போப்பாண்டவருக்கும் பொருந்தியது. செலவு, போட்ட கணக்கைப் பல மடங்கு தாண்டி 50,000 டூக்கட் பொற்காசுக்கு மேல் போனது. தன்மேல் பலர் கோள் சொல்லியிருந்ததை அறிந்து நடுங்கி நின்ற ரொஸ்ஸெல்லினோவிடம், உண்மையை முன்பே சொல்லியிருந்தால் இதைக் கட்டவே விட்டிருக்க மாட்டோம் என்றார் பயஸ். கூடவே 100 டூக்கட்டும் கருஞ்சிவப்பு அங்கியும் பரிசளித்தார்.

பேராலயம் 1462 ஆகஸ்டில் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே வெளிச்சம் நிறைய வேண்டும் என்பது பயஸின் ஆசை. அதற்காகப் பீடப் பகுதியைத் தெற்கே, சரிவின் விளிம்புவரை நீட்டியிருந்தார்கள். அடுத்த மாதமே ஓர் ஆணை பிறந்தது: சுவருக்கு வண்ணம் பூசினாலும் புதுப் பீடம் சேர்த்தாலும் சாபம்.

1464இல் பயஸும் ரொஸ்ஸெல்லினோவும் இறந்தார்கள். 1996இல் யுனெஸ்கோ பியென்ஸாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பயஸின் ஆணையை மனிதர்கள் பெரும்பாலும் மதித்தார்கள். பேராலயத்தின் அடியில் இருக்கும் மண் மட்டும் மதிக்கவில்லை. பீடத்தை நோக்கி நடப்பவர்களின் காலுக்கே தரை சரிவது தெரிகிறது.