ஒப்பனை ஒளியமைப்பு

ஒப்பனை ஒளியமைப்பு என்பது முகத்திற்கு ஒப்பனை செய்யும் இடத்தில் விளக்குகளைத் தெரிவு செய்து அமைக்கும் முறையைக் குறிக்கும். ஒப்பனை எந்த ஒளியில் பார்க்கப்படுமோ அந்த ஒளியிலோ, எல்லா நிறங்களையும் குறைவின்றிக் காட்டும் ஒளியிலோ அதனைச் செய்ய வேண்டும் என்பது இதன் அடிப்படை ஆகும். நாடகம், திரைப்படம், திருமணம் ஆகியவற்றுக்கு மட்டுமன்றி வீட்டுக் கண்ணாடிக்கும் இது பொருந்தும்.

நிறமும் ஒளியும்

விளக்கின் ஒளியில் இல்லாத நிறத்தைத் தோலோ சாயமோ திருப்பி அனுப்ப இயலாது. தாழ் அழுத்தச் சோடிய ஆவி விளக்கு ஏறத்தாழ 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியை மட்டுமே தருகின்றது. அதன் கீழ் நெற்றிக் குங்குமம் கரும்பழுப்பாகத் தெரியும்.

விளக்கொளியின் சாயலை நிற வெப்பநிலையாகக் கெல்வின் அலகில் குறிப்பர். எண்ணெய்ச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின், இழை மின்விளக்கு 2,700 முதல் 2,800 வரை, நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500, நம் வீடுகளில் பரவலாக உள்ள நீலம் கலந்த வெள்ளைக் குழல்விளக்கு 6,500 என்ற அளவில் அமையும். சாயல் மட்டும் போதாது. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றது என்பதை நிறங்காட்டும் சுட்டெண் கூறுகின்றது. பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1965இல் அறிமுகப்படுத்தி 1974இல் திருத்திய இம்முறையில் மிக உயர்ந்த மதிப்பு 100 ஆகும். இழை விளக்கு அதனை ஏறத்தாழ எட்டிவிடும். பழைய வகைக் குழல்விளக்குகள் மிகவும் பின்தங்கியவை.

இச்சுட்டெண்ணில் ஒரு குறை உண்டு. மங்கலான எட்டு நிறங்களின் சராசரியே கணக்கிடப்படுகின்றது. அடர்சிவப்பு அதில் சேராது. எனவே 80 என்று அட்டையில் அச்சிட்ட எல்.இ.டி. விளக்கும் உதட்டுச் சாயத்தைச் சோகையாகக் காட்டக்கூடும். அதை நம்பி மேலும் பூசுவோர் வெயிலில் வந்து நின்றதும் மிகையாகத் தெரிவர். மாநிறத் தோலுக்கு இது இன்னும் முக்கியம். சிவப்புக் குறைந்த விளக்கில் பொருத்தமாகத் தோன்றிய பூச்சு, வெளியில் முகத்தைச் சாம்பல் படிந்தது போலவும் கழுத்தை வேறொருவருடையது போலவும் காட்டிவிடும். ஒப்பனைக்கு 90க்கு மேற்பட்ட சுட்டெண் உடைய விளக்கே தக்கது.

தெருக்கூத்தில்

விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் தெருக்கூத்து இரவு முழுதும் நிகழ்த்தப்படுகின்றது. நடிகர்கள் பெரும்பாலும் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வர். 'அரிதாரம்' என்ற சொல் முதலில் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம் ஒன்றையே குறித்தது. பின்னர் கூத்து ஒப்பனை முழுவதற்கும் பெயராயிற்று.

தீவட்டி வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் மேலெழும். நீலம் கருமையை நோக்கிச் சாயும். வெளிர் மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்தறிவது கடினம். தடித்த கரிய கோடுகளும் வெள்ளைப் புள்ளிகளும் அத்தகைய ஒளியிலும் தொலைவிலிருந்து தெளிவாகத் தெரியும். தீவட்டிக்குப் பின் பெட்ரோமாக்ஸ் வந்தது. அதன் வலை, 1891இல் ஆவுவர் வான் வெல்சுபாக்கு கண்டறிந்த 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவையைப் பின்பற்றியது. ஒளி சுடரைவிட மிக வெண்மையானது. அடுத்து வந்த குழல்விளக்கில் சிவப்பு மங்கி நீலம் எழுந்தது. ஆக, ஒரே முகவண்ணம் மூன்று விளக்குகளில் மூன்று விதமாகத் தெரிந்திருக்கும்.

நடிகருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கூத்து விடியும்போது முடிகின்றது. பதினெட்டாம் போரைத் தொடர்ந்து துரியோதனன் வீழும் படுகளம் பகல் வெளிச்சத்தில் நடைபெறும். இரவில் விளக்கடியில் எழுதிய முகத்தோடு, வியர்வை வழிந்த நிலையிலேயே, அவர் வெயிலில் ஊரார் முன் நிற்க வேண்டும். இடையில் வேறு ஒளிக்கேற்ப முகத்தை மாற்றி எழுத நேரம் இராது.

திரைப்படத்தில்

தொடக்ககாலப் படச்சுருள் சிவப்பை உணராததால் சிவந்த உதடு கறுப்பாகப் பதிவாயிற்று. 1920களின் பிற்பகுதியில் எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருளும் இழை விளக்குகளும் பரவியபோது பழைய பூச்சுகள் பயனற்றுப் போயின. மாக்சு ஃபாக்டர் இதற்கெனப் புதிய ஒப்பனைப் பொருட்களை 1928இல் உருவாக்கினார்.

ஒளியின் திசை

தலைக்கு மேலுள்ள விளக்கு கண்குழியிலும் மூக்கின் கீழும் தாடையிலும் நிழல் விழச் செய்யும். அந்நிழலைக் கருவளையம் என எண்ணி வெள்ளை பூசுவது பரவலான பிழை. கண்ணாடிக்கு மேல் ஒற்றைக் குழல்விளக்கு மாட்டும் நம் வழக்கம் இதற்கு வழிசெய்கின்றது. கண்ணாடியின் இரு பக்கமும் முக உயரத்தில் ஒத்த இரு விளக்குகளை, பாலாடை போன்ற உறையிட்டுப் பொருத்துவது சிறந்தது. வெவ்வேறு நிற வெப்பநிலையுள்ள விளக்குகளைக் கலந்தால் கன்னங்கள் இரண்டும் இரு நிறமாகத் தோன்றும். படப்பிடிப்புக்கான வளைய விளக்கு நிழலை அழித்துவிடுவதால், அதன் முன் செய்த ஒப்பனை நேரில் அளவு மீறித் தெரியக்கூடும். விளக்கு எதுவும் சரியாக அமையாதபோது, நேர்வெயில் படாத சன்னலை நோக்கி அமர்வதே செலவில்லாத வழியாகும்.