நல்லா ஓடிக்கிட்டிருந்த இன்ஜின்

ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்து, பதற்றத்துல நல்லா ஓடிக்கிட்டிருந்த சர்வரை நான் நிறுத்தியிருக்கேன். பழுதான சர்வர் பக்கத்துலயே இருந்துச்சு. எனக்குக் கிடைச்சது மறுநாள் திட்டு மட்டும்தான். இன்னைக்கு அதே தப்பு வானத்துல நடந்த கதை.

2015 பிப்ரவரி 4, தைபே. ஊருக்குள்ளேயே இருக்கிற சோங்ஷான் விமான நிலையத்துல இருந்து டிரான்ஸ்ஏசியா 235 கின்மென் தீவுக்குக் கிளம்புது. ஏடிஆர் 72-600, ரெண்டு இன்ஜின், 58 பேர். சுமார் 1,200 அடி உயரத்துல, 2-ஆம் இன்ஜின் போச்சுன்னு எச்சரிக்கை.

உண்மையில அந்த இன்ஜின் எரியவும் இல்ல, உடையவும் இல்ல. ஒரு எலெக்ட்ரானிக் யூனிட்டுல சால்டரிங் விரிசல். அதனால சிக்னல் விட்டு விட்டு வந்து, ப்ரொப்பெல்லர் இறக்கைகள் தானாவே திரும்பிக்கிச்சு. அந்தப் பக்கம் இழுவிசை போச்சு.

இதுல விமானம் விழ வேண்டிய அவசியமே இல்ல. ஒரு இன்ஜின் நின்னாலும் இன்னொன்னை வெச்சு மேல ஏறி, வழியில இருக்கிற கட்டடம், மலை எல்லாத்தையும் குறைஞ்சது 35 அடி இடைவெளியோட தாண்ட முடியணும்; அதைக் கிளம்புறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டு வெச்சிருப்பாங்க. பைலட் முதல்ல செய்ய வேண்டியது விமானத்தை நேரா, சரியான வேகத்துல வெச்சிருக்கிறது. எந்த இன்ஜின்னு ரெண்டு பேரும் சேர்ந்து உறுதிப்படுத்தின பிறகுதான் லீவர்ல கை வைக்கணும்.

ஆனா எச்சரிக்கை வந்த சில நொடிகள்லயே கேப்டன், 1-ஆம் இன்ஜின் லீவரைப் பின்னால இழுக்கப்போறேன்னு சொல்றார். பொறுங்க, சரிபார்ப்போம்னு துணை விமானி சொல்றார். போனது 2-ஆம் இன்ஜின்தான்னும் பின்னாடி சொல்றார். ஆனாலும் எச்சரிக்கை வந்து ஒரு நிமிஷம் ஆகுறதுக்குள்ள, நல்லா இருந்த 1-ஆம் இன்ஜின் அணைக்கப்பட்டுடுச்சு. தப்பான பக்கத்தை இழுத்துட்டோம்னு கேப்டன் உணர்ந்து சொன்னப்போ, விழ சில நொடிதான் பாக்கி. அடுக்குமாடிகளை ஒட்டி வந்த விமானம், மேம்பாலத்துல ஒரு டாக்ஸியை இடிச்சுட்டு கீலுங் ஆத்துல விழுந்துச்சு. 43 பேர் இறந்தாங்க, ரெண்டு விமானிகளும் உட்பட.

டாஷ்கேம் வீடியோ பார்த்த உலகம், கட்டடங்கள் மேல மோதாம ஆத்துக்குக் கொண்டுபோன ஹீரோன்னு கேப்டனைப் பாராட்டுச்சு. 2016-ல வந்த விசாரணை அறிக்கைதான் முழுக் கதையையும் சொல்லுச்சு.

அதுக்காக அவரை வில்லன் ஆக்கிடாதீங்க. விபத்துக்குப் பிறகு, இன்ஜின் பழுதானா என்ன செய்யணும்னு அதே நிறுவனத்து ஏடிஆர் பைலட்களுக்கு வாய்மொழித் தேர்வு வெச்சாங்க. 10 பேர் தேறல. அதாவது ஓட்டை பயிற்சியிலயே இருந்துச்சு.

இது முதல் தடவையும் இல்ல. 1989 ஜனவரியில இங்கிலாந்தோட கெக்வொர்த் ஊர் பக்கத்துல ஒரு போயிங் 737 விழுந்துச்சு. பழுதானது இடது இன்ஜின், அணைச்சது வலது. 47 பேர் போயிட்டாங்க. 26 வருஷம் கழிச்சும் அதே தப்பு!

ஏன்னா, அபாயத்துல எதையாவது செஞ்சாகணும்னு கை துடிக்கும். அந்த நேரத்துல கையைக் கட்டிப்போட உதவுறது, பக்கத்துல இருந்து “பொறுங்க”ன்னு சொல்ற ஒரு குரல்தான். தைபேல அந்தக் குரல் இருந்துச்சு. யாரும் நின்னு கேட்கலை.

இப்பல்லாம் எதையும் நிறுத்துறதுக்கு முன்னாடி, சர்வர் பேரைச் சத்தமா படிச்சுக் காட்டச் சொல்லி டீம்ல ஒருத்தரை எழுப்பிடுறேன். திட்டுவாங்க. பரவாயில்ல.