நானூற்றி இருபது வந்த வழி



சென்ற தவணையில் ஒரு நாள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "ஐயா, இவன் என்னைப் போர்ட்டுவென்டின்னு சொல்றான்" என்றான். சொன்னவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அது வெறும் நம்பர்தானே ஐயா! கணக்குல வர்றதுதானே!" என்று அவன் என்னையே திருப்பிக் கேட்டான். வீட்டில் தாத்தா யாரையோ அப்படித் திட்டியதைக் கேட்டுக் கற்றுக்கொண்டானாம். பொருள் இருவருக்குமே தெரியவில்லை. தெரியாமலே ஒருவன் திட்டுகிறான், தெரியாமலே ஒருவன் அழுகிறான் என்றால் அந்த எண்ணுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதையே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

எண்ணைச் சொல்லாக்கி விளையாடுவது நமக்குப் புதிதல்ல. பிடோக் வடக்குத் தெரு 4-இல் புளோக் 85-இன் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சீனரும் மலாய்க்காரரும் நாமும் வைத்திருக்கும் பெயர் "பிடோக் 85" என்பதுதான். சிராங்கூன் ரோட்டுக் கடைகளின் முன்னுள்ள நடைபாதை "அஞ்சடி". மலாயில் அதுவே "காக்கி லீமா". 1822-இல் ராபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் வீட்டு வாசல்தோறும் தொடர்ச்சியான திறந்த நடைவழி வேண்டுமென்று விதித்ததிலிருந்து வந்த வழக்கம் அது. அளந்து பார்த்தால் எல்லா அஞ்சடியும் ஐந்தடி இராது. அதனால் பெயர் மாறவில்லை!

"ஏழரையைக் கூட்டாதே" என்று அம்மா சொல்வதில் முழுக் கணக்கே இருக்கிறது. சனிக்கோள் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றி வர ஏறக்குறைய 30 ஆண்டு. ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. சோதிடத்தை நம்புகிறவர் நம்பட்டும். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

அரசியலிலும் உண்டு. 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி மோலா, "நான்கு படைகள் மட்ரிட் நகரை நோக்கி வருகின்றன, ஐந்தாவது படை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது" என்ற கருத்தில் பேசியதாகச் சொல்வார்கள். நாலும் ஒன்றும் ஐந்து என்ற சின்னக் கணக்கு "ஐந்தாம்படை"யாகித் தமிழ்ப் பத்திரிகைக்கும் மேடைக்கும் வந்து சேர்ந்தது. கட்சிக்குள் இருந்துகொண்டே குழி பறிப்பவனுக்கு இன்றும் அதுதான் பட்டம்.

இனி நம் நானூற்றி இருபதுக்கு வருவோம். "நானூற்று" என்பதே இலக்கணம். ஆனால் திட்டுகிற நேரத்தில் புணர்ச்சி விதி பார்ப்பவர் யார்?

மெக்காலே தலைமையில் ஒரு குழு 1837-இல் எழுதி முடித்த வரைவிலிருந்து பிறந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். 1860-இல் நிறைவேறி 1862-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 420-ஆம் பிரிவு மோசடியைப் பற்றியது. திருடன் நமக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போகிறான். அதற்கு வேறு பிரிவு. 420-க்காரன் பொய் சொல்லி நம்ப வைத்து, நம் கையாலேயே பணத்தை எடுத்துக் கொடுக்க வைக்கிறான். அந்தச் சட்டத்தை மாதிரியாக வைத்துத்தான் 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் தண்டனைச் சட்டம் செய்தார்கள். ஆகவே நம் மக்கள் கப்பலேறி இங்கு வந்தபோது எண்ணும் கூடவே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

என் தகப்பனார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுத்து தெரியாது; எண் மட்டும் தெரியும். பால் நிறுவையில் ஏமாறக் கூடாதென்று கற்றுக்கொண்டாராம். பிடோக் பேட்டைக்கு நாங்கள் குடிவந்த புதிதில், ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கு இங்கே வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்ல, அறுநூறு வெள்ளியைக் கொடுத்துவிட்டார். ஆள் அப்புறம் கண்ணில் படவில்லை. "நீயா குடுத்தே, உன் கையாலதானே குடுத்தே, இனி என்ன கேக்க முடியும்?" என்றார்கள் தெரிந்தவர்கள். "இல்லே, அவன் போர்ட்டுவென்டி. அதுக்குச் சட்டம் இருக்கு" என்று அப்பா காவல் நிலையத்துக்குப் போனார். துணைக்கு நான். எழுதிய தாளில் ஒரே ஓரிடத்தில் விரலை வைத்து "இதான்" என்றார். அங்கே 420 என்றிருந்தது. பணம் திரும்ப வரவில்லை. ஆனாலும் தன் மேல்தான் தவறு என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை.

அவருக்கு அந்த எண்ணைச் சொல்லிக் கொடுத்தது எந்த வக்கீலும் அல்ல, சினிமாதான். 1955-இல் ராஜ் கபூர் எடுத்த இந்திப் படத்துக்குப் பெயர் "ஸ்ரீ 420". மரியாதைக்குரிய "ஸ்ரீ"யையும் மோசடிப் பிரிவின் எண்ணையும் ஒட்ட வைத்த குறும்பைப் பாருங்கள்! கதையில் நூறு ரூபாய்க்கு வீடு என்று சொல்லி நடைபாதை ஏழைகளிடம் காசு திரட்டுவார்கள். வீவக வீட்டுக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது வெறும் கதையாகத் தோன்றியிராது. பின்னாளில் கமல்ஹாசன் 1996-இல் வந்த "அவ்வை சண்முகி"யை இந்தியில் எடுத்தபோது, 1997-இல், "சாச்சி 420" என்று பெயர் வைத்தார். அவ்வை போய் எண் வந்தது.

மேடையில் எதிர்க்கட்சிக்காரரை "மோசடிக்காரர்" என்றால் சண்டை வரும். "420" என்றால் முதலில் சிரிப்பு வரும், சண்டை அப்புறம்தான். 2024 தொடக்கத்தில் தெலுங்கானாவில் பாரத ராஷ்டிர சமிதி, ஆளும் காங்கிரஸ் கொடுத்த வாக்குறுதிகள் 420 என்று எண்ணிப் புத்தகமே போட்டது. யார் பக்கம் நியாயம் என்பது நம் வேலையல்ல. எண்ணியவர் எங்கே நிறுத்த வேண்டுமென்று தெரிந்தேதான் நிறுத்தியிருப்பார் என்பது என் ஊகம்.

அதே 2024-இல், ஜூலை முதல் தேதி, இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சம்ஹிதை வந்தது. மோசடிக்கு இப்போது பிரிவு 318, உட்பிரிவு 4. "அடேய் முந்நூற்றுப் பதினெட்டின் உட்பிரிவு நான்கே!" என்று யாராவது திட்ட முடியுமா? மூச்சு வாங்கிவிடும். சொல் பிறந்த வீட்டில் எண் மாறிவிட்டது; சிங்கப்பூர்ச் சட்டத்தில் அது அன்று முதல் இன்று வரை 420-தான்.

இத்தனையையும் அந்த இரண்டு பையன்களுக்கும் சொன்னேன். இந்தியாவில் இதற்கு அதிகபட்சம் 7 ஆண்டுச் சிறை, இங்கே 10 ஆண்டு என்பதையும் சொன்னேன்.

"அப்ப இங்க மூணு வருஷம் கூட ஐயா" என்று உடனே கழித்துச் சொன்னான் அழுதவன். திட்டியவன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, "வாடா, பஸ் போயிரும்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தான்.